உளிக்கு இடமில்லாத கல்லூரி

குடந்தையிலிருந்து தஞ்சை நோக்கிச் செல்கின்ற சாலையில், நகரத்துச் சந்தடி முற்றும் அடங்கு முன்பே தாராசுரம் வந்துவிடுகிறது. சுற்றிலும் காவிரி வளர்த்த நெல் வயல்கள். ஊருக்குள் பட்டுத் தறியின் ஓசை எழும் நெசவாளர் தெருக்கள். அவற்றையடுத்துப் பசும்புல் தரை நடுவே, ஓடிவந்த தேர் ஒன்று கல்லாகச் சமைந்து நின்றுவிட்டது போல ஒரு கோயில்!

12ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்ட இரண்டாம் இராசராசன் எழுப்பிய கோயில் அது. 24 மீட்டர் உயர்ந்த விமானம். இராசகம்பீரன் திருமண்டபம் எனப் பெயர் பெற்ற முன்மண்டபத்தின் பக்கங்களில் தேர்ச்சக்கரங்கள். சக்கரங்களை இழுத்துக்கொண்டு பாயும் குதிரைகள். காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கும் சிற்பம் ஒன்று. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறு பக்கத்தை மறைத்தால் காளை. பலிபீடத்துப் படிகளோ, தட்டினால் இசை எழுப்பும் கற்கள். 2004ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் இக்கோயில் சேர்க்கப்பட்டது. கடல் கடந்து வருவோர் படம் பிடிக்கின்றனர், பக்தர்கள் கும்பிடுகின்றனர், வழிகாட்டிகள் கதை சொல்கின்றனர்.

என்ன கதை? வெண்மை நிறம் இழந்த ஐராவதம் என்னும் தேவலோகத்து யானை இங்கு வந்து வழிபட்டு நிறம் பெற்றதாம், ஆகவே ஐராவதேசுவரர். சாபத்தால் உடல் எரிச்சலுற்ற எமன் இங்குள்ள குளத்தில் மூழ்கி எரிச்சல் தீர்ந்தானாம், ஆகவே எமதீர்த்தம். கதை அப்படி. கல்வெட்டோ வேறு சொல்கிறது. ஊர் இராசராசபுரம், கோயில் இராசராசேச்சுரம். அரசன் பெயரால் அமைந்த அச்சொல்லே நாவில் தேய்ந்து தேய்ந்து தாராசுரம் ஆயிற்று. யானை சொல்லாத உண்மையைக் கல் சொல்கிறது!

நாமும் அந்தக் கோயிலைக் கண்டோம், வியந்தோம். வியப்போடு வீடு திரும்பியிருந்தால் இக்கட்டுரைக்கு வேலை இல்லை. வியப்பின் பின்னே ஒரு கேள்வி எழுந்தது. எழுந்த கேள்வி அடங்க மறுத்தது. இந்தக் கல்லை நிறுத்தியவன் எந்தக் கல்லூரியில் படித்தான்?

வேடிக்கையாகக் கேட்கவில்லை. 24 மீட்டர் உயரத்துக்குக் கல்லை ஏற்றி, எண்ணூறு ஆண்டுக்கு மேல் அது சரியாமல் நிற்கச் செய்வதற்குப் பளுவின் போக்கு தெரிய வேண்டும்; மண்ணின் தாங்கும் ஆற்றல் தெரிய வேண்டும்; அதுவும் மலையருகே அன்று, வண்டல் படிந்த ஆற்றுப் படுகையில்! எந்தக் கல் இசை தரும், எந்தக் கல் ஊமை என்று தட்டிப் பார்த்துத் தெரிந்திருக்க வேண்டும். அளவை வேண்டும், கணக்கு வேண்டும், வடிவ இலக்கணம் வேண்டும். இத்தனையும் அறிவு, பல தலைமுறை சேர்த்து வைத்த அறிவு. அந்த அறிவுக்குச் சோழப் பேரரசு எங்கே பள்ளி வைத்தது? யார் ஆசிரியர்? எத்தனை மாணவர்? எவ்வளவு நெல் மானியம்? விடை தேடிச் சோழநாட்டுக் கல்வெட்டுகளையே கேட்போம்.

நெல் கொடுத்து நடத்திய கல்லூரிகள்

சோழர் காலத்தில் கல்லூரிகள் இருந்தன. இல்லை என்று நாம் சொல்லவில்லை. இன்றைய விழுப்புரம் வட்டாரத்தில் உள்ள எண்ணாயிரம் என்ற ஊரில், முதலாம் இராசேந்திரன் காலத்தில் இயங்கிய கல்லூரியின் கணக்கு முழுவதும் கல்லில் இருக்கிறது. மாணவர் 340 பேர். ஆசிரியர் 14 பேர். நிலம் 45 வேலி. இளைய மாணவர் 270 பேருக்கு நாள் ஒன்றுக்கு ஆளுக்கு 6 நாழி நெல்; மேல்வகுப்பில் பயின்ற 70 பேருக்கு ஆளுக்கு 1 குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. உண்ண உணவும் தங்க இடமும் கொடுத்துக் கல்வி தந்த ஏற்பாடு! ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்கள் தவழத் தொடங்காத காலத்தில், காவிரி நாட்டு மன்னன் மாணவனின் வயிற்றுக்குக் கணக்கு எழுதினான். பெருமைப்படலாம், தடையில்லை.

ஆனால் பாடப் பட்டியலைப் படித்துவிட்டுப் பெருமைப்படுவோம்! இருக்கு வேதம் 75 பேர். எசுர் வேதம் 75 பேர். சாம வேதத்தின் இரு கிளைகளுக்கு 20, 20 பேர். வாசசனேயம் 20 பேர். அதர்வம் 10 பேர். போதாயனர் வகுத்த சடங்கு நூல்கள் 10 பேர். ரூபாவதாரம் என்னும் வடமொழி இலக்கணம் 40 பேர். ஆக 270. மேல்வகுப்பில் வியாகரணம் 25 பேர். பிரபாகரர் வழிவந்த மீமாம்சை 35 பேர். வேதாந்தம் 10 பேர். ஆக 70.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! 340 மாணவரில் கட்டடக் கலை பயின்றவர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. கணக்கு? இல்லை. உழவு, நீர்ப்பாசனம்? இல்லை. தமிழ்? தமிழ் மன்னன், தமிழ் நிலத்தில் விளைந்த நெல்லைக் கொண்டு நடத்திய கல்லூரியில் தமிழ் பயின்றவர் ஒருவரும் இல்லை!

இன்றைய புதுவைப் பகுதியில் உள்ள திரிபுவனையில், 1048ஆம் ஆண்டில், முதலாம் இராசாதிராசன் காலத்தில் மற்றொரு கல்லூரி. 260 மாணவர், 12 ஆசிரியர், 72 வேலி நிலம். அங்கே வேதங்களோடு பாரதம் உண்டு, இராமாயணம் உண்டு. மனு சாத்திரமும் பாடமாக உண்டு. யார் எதைக் கற்கலாம், யார் எதைக் காதால் கேட்கவும் கூடாது என்று விதித்த நூலுக்கு ஆசிரியர் ஒருவர், அவருக்கு மானியம்! வேதம் ஓதும் உரிமை பிறப்பால் வகுக்கப்பட்டிருந்த காலம் அது. ஆகவே அந்த 260 பாயிலும் அந்த 340 பாயிலும் யார் உட்கார்ந்தனர் என்பதற்குத் தனிச் சான்று தேட வேண்டியதில்லை.

காஞ்சிக்கு அருகில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. வேதக் கல்லூரியோடு 15 படுக்கை கொண்ட மருத்துவமனையும் அங்கே இருந்தது. வீரசோழன் என்று அதற்குப் பெயர். மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர், நீர் கொணர்பவர் ஒருவர். 11ஆம் நூற்றாண்டில் இத்தகைய ஏற்பாடு இருந்தது என்பது பாராட்டத் தக்கதே. ஆனால் ஊதியக் கணக்கைப் பாருங்கள். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். கத்தி பிடித்து அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல். ஏட்டைப் புரட்டும் கைக்கு மூன்று பங்கு. உடலைத் தொட்டு அறுக்கும் கைக்கு ஒரு பங்கு! நாடு முழுவதும் நிலவிய மனப்பான்மை அந்த ஒரு வரியில் தெரிகிறது.

அவர்கள் செய்த ஆராய்ச்சி

இத்தகைய கல்லூரிகளில் பயின்றவர் ஆராய்ச்சியே செய்யவில்லையா? செய்தனர்! அவர்கள் செய்த ஆராய்ச்சி ஒன்றைக் கல்வெட்டே நமக்குக் காட்டுகிறது. 1118ஆம் ஆண்டு, முதலாம் குலோத்துங்கன் ஆட்சியின் இறுதிக் காலம். இராசாசிரயச் சதுர்வேதி மங்கலத்துப் பட்டர்கள் கூடினர். ஏடுகளை எடுத்தனர், சாத்திரங்களைப் புரட்டினர், ஒன்றோடொன்று ஒப்பிட்டனர், முடிவு கண்டனர். ஆராயப்பட்ட பொருள் என்ன? வானத்துக் கோள்களின் இயக்கமா? காவிரி வெள்ளத்தைத் தடுக்கும் வழியா? அன்று. இரதகாரர், அதாவது கம்மாளர், எந்தக் குலக் கலப்பில் பிறந்தவர், அவர்கள் எந்தெந்தத் தொழில் செய்யலாம் என்பதே ஆராய்ச்சி! கட்டடம் கட்டலாம், தேர் செய்யலாம், கோபுரம் எழுப்பி அதில் படிமம் அமைக்கலாம், வேள்விக்கு வேண்டிய கருவிகள் செய்து தரலாம் – இப்படி வரிசையாக வகுத்துக் கொடுத்தனர்.

இதன் பொருளைச் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். கோபுரம் எழுப்பத் தெரிந்தவன் ஒருவன். கோபுரம் எழுப்பத் தெரியாதவன் மற்றொருவன். தெரியாதவன் கூடி ஆராய்ந்து, தெரிந்தவனுக்கு, 'நீ கோபுரம் எழுப்பலாம்' என்று அனுமதி தருகிறான்! தெரியாதவன் கையில் ஏடு இருந்தது. தெரிந்தவன் கையில் உளிதான் இருந்தது. அந்தத் தீர்ப்பு வெளியாகி அரை நூற்றாண்டு நிறைவதற்குள்தான் தாராசுரத்துத் தேர்மண்டபம் எழுந்தது. தீர்ப்புக்கு உட்பட்ட கைகளே அதையும் செதுக்கியிருக்க வேண்டும்.

கொங்கு நாட்டில் இதற்கு இணையான மற்றொரு சான்று. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு வெளியான அரசாணை, அந்நாட்டுக் கம்மாளர்க்குச் சில உரிமைகளை 'அருளுகிறது'. நன்மை தீமைக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம்! ஊரார்க்கெல்லாம் மாளிகை கட்டியவன் தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச மன்னன் ஆணை வேண்டியிருந்தது. ஆணை வருமுன் அவன் வீட்டுச் சுவர் எப்படி இருந்திருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டுமா?

தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய தலைமைத் தச்சனின் பெயர் வீரசோழன் குஞ்சரமல்லன் என்று கல்லிலே இருக்கிறது. இராசராசப் பெருந்தச்சன் என்ற பட்டமும் இருக்கிறது. முதலாம் இராசராசனை அதற்காகப் பாராட்டுவோம். பட்டம் கிடைத்தது. ஆனால் அந்தப் பெருந்தச்சனுக்கு 14 ஆசிரியரில் ஒருவராகும் இடம் கிடைத்ததா? அவன் கீழே 20 மாணவர் அமர்ந்து, 'இந்தக் கல் ஏன் சரியாமல் நிற்கிறது?' என்று கேட்டு எழுதிக்கொள்ள நெல் மானியம் கிடைத்ததா? எண்ணாயிரத்துப் பட்டியலே விடை!

குலத்தொழில் போதாதா?

பழமை விரும்பிகள் நம்மிடம் ஒரு வாதம் வைப்பர். 'தகப்பனிடம் மகன் கற்றான். அதுவே அவனுக்குப் பள்ளி. அந்தக் குலக்கல்விதானே தாராசுரத்தைத் தந்தது? கல்லூரி எதற்கு?' என்பர்.

வாதத்தில் பாதி உண்மை, மறுக்க வேண்டா. குலவழிக் கல்வி திறமையைத் தந்தது. தாராசுரத்திலிருந்து சில கல் தொலைவில் உள்ள சுவாமிமலையில் இன்றும் அதைக் காணலாம். படிமம் வார்க்கும் தபதி, தென்னங்கீற்றின் ஓலை நறுக்கை மடித்து மடித்து முகத்துக்கு எத்தனை பங்கு, மார்புக்கு எத்தனை பங்கு என்று அளக்கிறார். மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடிக்கிறார். அதன் மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசுகிறார். சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார். கணக்கும் வேதியியலும் அவர் விரல் நுனியில் இருக்கின்றன.

ஆனால் திறமை வேறு, ஆராய்ச்சி வேறு. 'இப்படிச் செய்' என்பது திறமை. 'ஏன் இப்படி? வேறு மாதிரி செய்தால் என்ன ஆகும்?' என்பது ஆராய்ச்சி. தகப்பன் சொன்னதை மாற்றினால் பிழைப்புப் போய்விடும் என்ற நிலையில் உள்ளவன் அந்தக் கேள்வியைக் கேட்க இயலாது. கேட்பதற்கு ஓய்வு வேண்டும், உணவு வேண்டும், எழுத்து வேண்டும், மறுத்துப் பேச எதிரே மற்றொருவன் வேண்டும். அத்தனையும் எண்ணாயிரத்தில் இருந்தன. உளிக்காரனுக்கு மட்டும் இல்லை. கல்லூரியில் கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்குக் கல்லைத் தெரியாது. கல்லைத் தெரிந்தவனுக்குக் கேள்வி கேட்கக் கல்லூரி இல்லை. தலை ஒரு தெருவில், கை ஒரு தெருவில். இடையே கடக்க முடியாத சாதிச் சுவர்!

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. வங்கத்து வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய், இந்து வேதியியலின் வரலாற்றை 1902, 1909ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக எழுதினார். ஆய்வுக்கூடத்தில் கை கறுக்க உழைத்த மனிதர் அவர். இந்நாட்டில் அறிவியல் உணர்ச்சி மங்கியதற்குக் காரணம் தேடியபோது, கைத்தொழில் தாழ்ந்த சாதியாருக்கு என்று ஒதுக்கப்பட்டதும், சிந்திப்போர் செய்முறையிலிருந்து விலகியதுமே பெருங்காரணம் என்று அவர் கண்டார்.

ஐரோப்பா மட்டும் அன்று வாழ்ந்ததா? இல்லை. தாராசுரம் எழுந்த நாளில் பாரிசிலும் பொலோனாவிலும் பல்கலைக்கழகங்கள் அரும்பின. அங்கும் இலத்தீன்தான், இறைநூல்தான், சட்டம்தான். கொத்தனுக்கு அங்கும் இடமில்லை. வேறுபாடு பின்னர்தான் விளைந்தது. 1638ஆம் ஆண்டில் வெளியான 'இரு புதிய அறிவியல்கள்' என்னும் நூலைக் கலீலியோ எப்படித் தொடங்குகிறார்? வெனிசு நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தைப் புகழ்ந்து தொடங்குகிறார். அங்குள்ள கைவினைஞரின் வேலையைப் பார்ப்பதே சிந்திப்பவனுக்குப் பெரும் விருந்து என்கிறார். பேராசிரியன் பட்டறைக்குப் போனான். புதிய அறிவியல் பிறந்தது! நம் நாட்டிலோ, வெள்ளையன் ஆட்சியில் புதிய கல்லூரி வந்த பிறகும் பட்டறைக்கும் பாடசாலைக்கும் இடையே இருந்த சுவர் விழவில்லை.

காவிரிக் கரைக் கல்லூரி

தாராசுரத்திலிருந்து நடந்தே போகும் தொலைவில், காவிரிக் கரையில், குடந்தை அரசினர் கல்லூரி. 1854இல் பள்ளியாகத் தொடங்கியது. 1867இல் கல்லூரியாக உயர்ந்தது. தென்னாட்டுக் கேம்பிரிட்சு என்று புகழப்பட்டது. அந்தக் கட்டடத்தோடு தொடர்புடைய இருவரின் வரலாறு, ஆராய்ச்சி என்றால் என்ன, அதற்கு எது பகை என்ற இரண்டையும் காட்டும்.

முதல்வர் உ. வே. சாமிநாதர். 1880இல் அங்கே தமிழாசிரியராக வந்தார்; சைவ மடத்தில் பயின்றவர். அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீபு அவரைச் சந்தித்து, 'சீவக சிந்தாமணி படித்ததுண்டா?' என்று கேட்டார். அது சமணக் காப்பியம். மடத்தில் அதற்கு இடமில்லை. அந்தக் கேள்விக்கு நாணி, ஏடுகளைத் தேடி, பொருள் விளங்காத இடங்களுக்குக் குடந்தையில் வாழ்ந்த சமணரிடமே சென்று பாடம் கேட்டார் அந்தச் சைவர். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1898இல் பௌத்தக் காப்பியமான மணிமேகலையும் வந்தது. தன் மதம் எதுவாயினும், பிறர் நூலைப் பிறரிடமே கேட்டு, உள்ளதை உள்ளபடி பதிப்பிப்பது – அதுவே மதத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு முதல் ஒழுக்கம். நமக்கும் வைதிகத்துக்கும் உள்ள பகை உலகறிந்தது. ஆயினும் இந்த நேர்மையைப் பாராட்டாவிட்டால் நாம் பகுத்தறிவாளர் ஆகமாட்டோம்.

இரண்டாமவர் இராமானுசன். 1904இல் நகர உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பரிசோடு தேறி, உதவித்தொகையும் பெற்று இக்கல்லூரியில் நுழைந்தார். கணக்கில் மூழ்கினார், பிற பாடங்களில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. சென்னை சென்று பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் தேர்வு அவரை வீழ்த்திற்று. பட்டம் இல்லை, வேலை இல்லை, கையில் கணக்கு எழுதிய நோட்டுகள் மட்டும்! 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் ஆனார். 1913 சனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்சில் இருந்த ஆர்டிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தின் மதிப்பை அயல்நாட்டான் உணர்ந்த பிறகுதான் சென்னைப் பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தி, பட்டம் பெறாத அந்த இளைஞருக்குத் திங்கள்தோறும் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. 1913 மே முதல் நாளில் அவர் ஆராய்ச்சி மாணவர் ஆனார். அப்பல்கலைக்கழகத்தின் முதல் ஆராய்ச்சி மாணவர் என்று போற்றப்படுபவர் அவரே. இருமுறை தேர்வில் தோற்கடிக்கப்பட்டவரே முதல் ஆராய்ச்சியாளர்! தேர்வு அளப்பது எதை, அளக்கத் தவறுவது எதை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1914 மார்ச்சு 17ஆம் நாள் கப்பல் ஏறினார். அதற்கு முன் எத்தனை தடை! கடல் கடத்தல் பாவம் என்றது ஆசாரம். குடுமியைக் களைந்தே அவர் கடல் கடக்க வேண்டியிருந்தது. 1918இல் அரச கழக உறுப்பினர். அவ்வாண்டிலேயே திரினிட்டிக் கல்லூரியின் உறுப்பினர். நோயோடு 1919இல் திரும்பினார். 1920 ஏப்பிரல் 26ஆம் நாள், 32 வயதில், மறைந்தார். கடல் கடந்தவர் என்ற குறை கூறி வைதிக உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கும் வரவில்லை. உலகமே தலைவணங்கிய மூளைக்கு, ஊரார் தந்த வழியனுப்பு அது!

நாமக்கல்லில் உள்ள நாமகிரித் தாயார் கனவில் தோன்றிக் கணக்குகளைக் காட்டினாள் என்று அவர் நம்பினார். அது அவர் நம்பிக்கை. நாம் எள்ளி நகையாட வேண்டா. ஆனால் அதைக் கொண்டு, 'பார்த்தீர்களா, பக்தியே கணிதம்' என்று பேசுவோர்க்கு ஒரு சொல். ஆர்டிக்கு எழுதிய கடிதங்களில் பகா எண்களைப் பற்றி இராமானுசன் கூறிய முடிவுகளில் சில பிழை என்று பின்னர்த் தெரிந்தது. சரியானவற்றை நாமகிரி தந்தாள் எனில், பிழையானவற்றைத் தந்தது யார்? கனவில் வந்தது என்பதற்காக எந்தக் கணித ஏடும் எந்தத் தேற்றத்தையும் ஏற்றதில்லை. மெய்ப்பித்த பிறகே ஏற்றது. நிலைத்து நிற்பது கனவன்று, நிறுவல்!

அவரைப் பற்றி நாம் என்றும் நினைவில் நிறுத்த வேண்டியது மற்றொன்று. பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளிக்க முன்வந்தபோது, 1919 சனவரி 11ஆம் நாள் அவர் ஒரு கடிதம் எழுதினார். பெற்றோர்க்கு 50 பவுனும் தம் தேவைக்கு வேண்டியதும் போக, மிஞ்சும் பணத்தை ஏழைச் சிறுவர், அனாதைச் சிறுவர் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்கு நூல் வாங்கவும் செலவிட வேண்டும் என்று கேட்டார். பள்ளிச் சம்பளத்தின் சுமை எவ்வளவு என்று தெரிந்த உள்ளம் அது.

ஆற்றின் இக்கரையில்

இப்போது கேட்போம். கல்லூரிக்கு அண்மையில் வாழ்ந்து, பயில உரிமையுள்ள குலத்தில் வளர்ந்து, படிக்கும் பழக்கமுள்ள சூழலில் இருந்த இராமானுசனையே வறுமையும் தேர்வும் ஆசாரமும் இவ்வளவு படுத்தின என்றால், தாராசுரத்துத் தறியில் நூல் முடிந்த சிறுவனின் கதி என்ன? வயலில் நாற்று முடி சுமந்த சிறுவனின் கதி என்ன? இராமானுசன் கல்லூரித் தேர்விலாவது தோற்றார். இவர்கள் தோற்பதற்குக்கூடக் கல்லூரி வாயிலை எட்டவில்லையே!

இராமானுசன் கப்பல் ஏறிய அதே 1914ஆம் ஆண்டின் கணக்கு ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவு பெற்ற பட்டதாரிகள் 650 பேர். அவர்களுள் பார்ப்பனர் 452. பார்ப்பனரல்லாத இந்துக்கள் 124. பிற வகுப்பார் 74. எண்ணாயிரத்துக் கல்வெட்டுக்கும் இந்தக் கணக்குக்கும் இடையே ஒன்பது நூற்றாண்டு ஓடிற்று. காவிரியில் எவ்வளவோ வெள்ளம் பெருகிற்று. பாயின் மீது யார் உட்காருவது என்பது மட்டும் பெரிதும் மாறவில்லை!

மாற்றியது எது? காலம் தானாக மாற்றவில்லை. 1921இல் பிறந்த வகுப்புரிமை ஆணை மாற்றத் தொடங்கியது. 1951இல் அந்த ஆணை உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தபோது தமிழகம் எழுப்பிய குரல், அரசியல் சட்டத்தையே முதன்முறையாகத் திருத்தச் செய்தது. 1956இல் பள்ளிதோறும் பரவத் தொடங்கிய மதிய உணவு மாற்றியது. எண்ணாயிரத்து மன்னன் அறிந்த அதே உண்மைதான்: உண்டவனே படிப்பான். அவன் 340 பேருக்குத் தந்த சோற்றை, மக்களாட்சி ஊர்தோறும் உழைப்பவன் பிள்ளைக்குத் தந்தது. அதன் பயனாக இன்று கம்மாளன் மகனும், நெசவாளி மகளும், பண்ணையாளின் பேரனும் பல்கலைக்கழக வாயிலுள் நுழைந்திருக்கின்றனர். 1981இல் தஞ்சையிலேயே தமிழுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் எழுந்துவிட்டது. எண்ணாயிரத்தில் ஒரு பாய்கூடக் கிடைக்காத மொழிக்கு!

நுழைந்தாயிற்று. இனி என்ன? இதுவே இன்றைய மாணவத் தோழர்களிடம் நாம் கேட்பது. நுழைந்தவர் பழைய கேள்விகளையே மீண்டும் படித்து, பட்டம் வாங்கி, பணி தேடினால் போதுமா? பாயில் அமரும் ஆள் மாறினால், கேட்கப்படும் கேள்வியும் மாற வேண்டாமா?

பலிபீடத்துப் படிகளின் முன் மூன்று மாணவர் நிற்கட்டும். அறிவியல் மாணவர், அந்தக் கல் ஏன் ஒலிக்கிறது என்று கருவி கொண்டு அளக்கட்டும். கல்லின் இனமா, அது அமர்ந்த முறையா, அடியில் உள்ள இடைவெளியா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கட்டும். சமய வரலாறு பயிலும் மாணவர், அடித்தளத்தில் 63 நாயன்மாரின் வரலாறு ஏன் அந்த நூற்றாண்டில் செதுக்கப்பட்டது என்று கேட்கட்டும்; கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்த நந்தன், நெருப்பில் இறங்கி வேறு குலத்தானாக வெளிப்பட்ட பின்னரே உள்ளே போக முடிந்தது என்று புராணம் ஏன் பாடிற்று என்று கேட்கட்டும். சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலய நுழைவுச் சட்டம் 1947இல் தேவைப்பட்டதையும் சேர்த்து எழுதட்டும். கல்வியியல் மாணவர், உளி பிடித்தவன் எண் கற்றது எங்கே, எழுத்து அவனுக்கு எட்டியதா என்று தேடட்டும். தஞ்சைக் கல்வெட்டில் ஒரு வேலி நிலத்தை 5,242 கோடியே 88 இலட்சம் பங்காக்கி அதில் ஒரு பங்கு வரை கணக்கெழுதிய அந்தக் கீழ்வாய் இலக்கம், திண்ணைப் பள்ளியில் யார் பிள்ளைக்குச் சொல்லித் தரப்பட்டது, யார் பிள்ளைக்கு மறுக்கப்பட்டது என்று ஆராயட்டும். மூவரும் ஓரிடத்தில் அமர்ந்து ஒப்பிடட்டும். அன்று தாராசுரம் பாதியளவேனும் வாய் திறக்கும்.

சுவாமிமலைத் தபதியிடமும் தாராசுரத்து நெசவாளரிடமும் செல்லும்போது, தகவல் பறிக்க வந்த அதிகாரி போலச் செல்ல வேண்டா. சிந்தாமணிக்குப் பொருள் கேட்கச் சமணரிடம் சென்ற தமிழாசிரியர் போலச் செல்லுங்கள். கற்றுக்கொடுத்தவர் பெயரை ஆய்வேட்டில் எழுதுங்கள். 1118இல் ஏடு உளியை ஆராய்ந்தது. உளியிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அந்தத் தவற்றை நம் பிள்ளைகள் செய்தலாகாது.

இறுதியாக, நம்மவர்க்கே ஒரு சொல். ஐராவதம் நிறம் பெற்றது என்பதற்குச் சான்று கேட்கும் நாம், 'தமிழன் அன்றே எல்லாம் அறிந்திருந்தான்' என்று நம் மேடையில் எவரேனும் முழங்கினால் அதற்கும் சான்று கேட்க வேண்டும். கைதட்டல் சான்று ஆகாது. பிறர் புராணத்தை உடைத்துவிட்டு நமக்கென்று ஒரு புராணம் எழுதிக்கொண்டால், ஆள் மாறினான், அறியாமை மாறவில்லை என்றே வரலாறு சொல்லும். தாராசுரத்தைக் கட்டியவனைத் தெய்வமாக்கினாலும் அவனுக்கு நீதி செய்தவர் ஆகமாட்டோம். அவன் அறிந்தது எது, அறியாதது எது, அறிய விடாமல் தடுத்தது எது – இந்த மூன்றையும் அளந்து எழுதுவதே அவனுக்குச் செய்யும் நீதி.

1813ஆம் ஆண்டில் இலண்டனில், கொல்லனின் மகன் ஒருவன், நூல் கட்டும் கடையில் தொழில் பழகியவன், அரச ஆய்வுக்கூடத்தில் உதவியாளாக நுழைந்தான். பெயர் மைக்கேல் பாரடே. மின்னாற்றலை உலகுக்கு வசப்படுத்திய கை அது. கொல்லன் மகனுக்குக் கதவு ஒன்று திறந்ததால் உலகுக்கு ஒளி கிடைத்தது. நம் நாட்டில் அத்தகைய கதவு திறக்காமல் எத்தனை பாரடேக்கள் உலைக்களத்திலேயே கரியாகிப் போயினர் என்று எண்ணினால் நெஞ்சு வேகிறது.

போனவர் போகட்டும். இனி ஒருவரும் போகலாகாது. தாராசுரத்துப் புல்தரையில் நின்று அந்தக் கல்தேரைப் பாருங்கள், தோழர்களே! சக்கரம் இருக்கிறது, குதிரையும் இருக்கிறது, பாய்வது போலவே இருக்கிறது, ஆனால் எண்ணூறு ஆண்டுகளாக ஓரடியும் நகரவில்லை. செய்த கையும் சிந்தித்த தலையும் சேராத நாட்டின் அறிவும் அப்படித்தான் நின்றது. இன்று அந்தக் கையின் பிள்ளைகள் கல்லூரியில் இருக்கின்றனர். தேரை நகர்த்துவது அவர்கள் பொறுப்பு!